சிறந்த நடிகர்: நம் பட்டியலில் விடுபடும் பெயர்கள்

தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்படும் காலம் நெருங்கினால் நம் வட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் காலை ரயிலில் வந்துபோகும் ஆசிரிய நண்பர்கள் நான்கைந்து பேரும், முதுகலைத் தமிழ் பயிலும் மாணவர்கள் சிலரும், சிறந்த நடிகர் விருது யாருக்குப் போகும் என்று ஆளுக்கொரு துண்டுத்தாளில் மூன்று பெயர்களை எழுதி மடித்து வைத்துவிடுவோம். கணிப்பு பலித்தவருக்கு மற்றவர்கள் தேநீர் வாங்கித் தரவேண்டும். பந்தயம் அவ்வளவே. ஆனால் அந்தத் துண்டுத்தாள்கள் நம்மைப் பற்றிச் சொல்லும் செய்தி தேநீரோடு முடிந்துவிடுவதில்லை.

2021ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகள் 2023 ஆகஸ்ட் 24 அன்று அறிவிக்கப்பட்டன. நம் தாளில் முதலிடத்தில் இருந்த பெயர் 'ஜெய் பீம்' படத்துக்காகச் சூர்யா. விருது 'புஷ்பா' படத்துக்காக அல்லு அர்ஜுனுக்குப் போயிற்று. 'ஜெய் பீம்' எந்தப் பிரிவிலும் இடம்பெறவில்லை. மறுநாள் துறை அறையில் அமர்ந்து வழக்கம்போல் தேர்வுக்குழுவின் அநீதியைப் பற்றி நாம் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தபோது, வாசலோரம் நின்றிருந்த மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, அந்தப் படத்துல அடி வாங்கினவரு மணிகண்டன். நீங்க வக்கீல் பேரைத்தானே எழுதியிருக்கீங்க?"

அந்த மாணவர் இருளர் குடியிருப்பொன்றிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை. திண்டிவனத்தில் இந்தப் பேச்சுக்குத் தனிக் கனம் உண்டு. பேராசிரியர் பிரபா. கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல்லாண்டுகளாக இங்கிருந்துதான் இயங்கிவருகின்றனர். பொய் வழக்கு, காவல் நிலைய வதை என்பவையெல்லாம் இங்கே திரைக்கதைச் சம்பவங்கள் அல்ல. படத்துக்கு மூலமான 1993ஆம் ஆண்டு வழக்கில் கொல்லப்பட்டவர் குறவர் சமூகத்தவர் என்பதும், படம் அவரை இருளராக மாற்றிக்கொண்டது என்பதும் உண்மைதான். ஆயினும் காவல் நிலையத்தில் தொங்கவிடப்பட்ட இராசாக்கண்ணுவின் உடலை நம் மாணவர் பார்த்த பார்வை வேறு, நாம் பார்த்த பார்வை வேறு. அவர் கேள்விக்கு அன்று நம்மிடம் விடையில்லை. தேர்வுக்குழு மணிகண்டனை விட்டுவிட்டது என்று குறைகூறும் தகுதியும் நமக்கில்லை. நாமே அவரை எழுதவில்லையே!

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்கர் விருதில் ஐந்து பெயர்கள் கொண்ட பரிந்துரைப் பட்டியல் முன்னதாகவே வெளியாகிவிடும். ஐவருள் ஒருவரைச் சுட்டுவதே அங்கே கணிப்பவரின் வேலை. நம் தேசிய விருதில் அத்தகைய பட்டியல் எதுவும் வெளியிடப்படுவதில்லை. வட்டாரக் குழுக்கள் பார்த்துத் தேர்ந்தனுப்பும் படங்களை மையக்குழு பார்க்கிறது. பிறகு ஒருநாள் முடிவு வருகிறது. இடையில் 'போட்டியில் இருப்பவர்கள்' என்று பத்திரிகைகளிலும் தேநீர்க் கடைகளிலும் உலவும் பெயர்கள் அனைத்தும் நாமாக எழுதிக்கொண்டவை. ஆகவே அந்தப் பட்டியல் தேர்வுக்குழுவின் மனத்தைக் காட்டுவதைவிட நம் மனத்தையே துலக்கமாகக் காட்டுகிறது.

கணிப்பில் அடிக்கடி நேரும் பிழைகளுள் ஒன்று ஆண்டுக் கணக்கு. படம் திரைக்கு வந்த ஆண்டன்று, தணிக்கைச் சான்று பெற்ற ஆண்டே கணக்கில் கொள்ளப்படுகிறது. மணிகண்டன் இயக்கிய 'கடைசி விவசாயி' 2022 பிப்ரவரியில் வெளிவந்தும் 2021ஆம் ஆண்டுக்குரிய படமாக விருது பெற்றதும், 2024 மார்ச்சில் வெளியான 'ஆடுஜீவிதம்' 2023ஆம் ஆண்டுப் படமாகக் கேரள அரசின் விருதுகளைப் பெற்றதும் இதனால்தான். அதே படம் தேசிய அளவிலும் 2023ஆம் ஆண்டுப் படங்களோடு போட்டியிட்டு வெறுங்கையோடு திரும்பியது. நம் நண்பர் ஒருவர் பிருதிவிராஜின் பெயரை அடுத்த ஆண்டுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இன்னொரு விதி, படத்தைத் தயாரிப்பாளர் விண்ணப்பித்து அனுப்பியிருக்க வேண்டும் என்பது. அனுப்பப்படாத படத்தின் நடிகருக்காக நாம் எவ்வளவு வாதாடினாலும் பயனில்லை. தமிழக அரசின் விருதுகளிலோ இந்த விளையாட்டுக்கே நெடுங்காலம் இடமில்லாமற் போயிற்று. 2009 முதல் 2014 வரையிலான ஆறு ஆண்டுகளின் விருதுகள் ஒருசேர 2022 செப்டம்பரில் வழங்கப்பட்டன. எட்டு, பத்து ஆண்டுகளுக்கு முந்தைய நடிப்பை எவர் கணித்துக்கொண்டிருப்பார்?

விதிகளைக் கற்றுக்கொண்டால் இப்பிழைகள் நீங்கிவிடும். ஆனால் மாணவர் சுட்டிய பிழை விதி அறியாமையால் வந்ததன்று. அதைப் புரிந்துகொள்ள விழுப்புரத்துக்காரர் ஒருவரிடமிருந்து தொடங்கலாம்.

சிவாஜி கணேசன் 1928 அக்டோபர் 1 அன்று விழுப்புரத்தில் பிறந்தவர். தந்தையார் ரயில்வே ஊழியர். குடும்பம் பிற்பாடு திருச்சிக்குப் பெயர்ந்துவிட்டது. எனினும் 'எங்கள் ஊரில் பிறந்தவருக்குத் தேசிய அளவில் சிறந்த நடிகர் விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை' என்ற மனத்தாங்கலை விழுப்புரத்தில் இன்றும் கேட்கலாம். அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் அதற்குள் இருக்கும் வரலாற்றையும் பார்க்கவேண்டும். நடிப்புக்கான தேசிய விருது 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்குகிறது. 'பராசக்தி', 'பாசமலர்' ஆகியவை வந்தபோது அப்படியொரு விருதே இல்லை. 'வீரபாண்டிய கட்டபொம்ம'னுக்காக 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தபோது, தாய்நாட்டில் அதற்கு நிகரான தேசிய விருது ஏற்படுத்தப்பட்டிருக்கவில்லை.

விருது தொடங்கிய பின்னும் அவர் கணிப்புகளில் இருந்தார், முடிவில் இல்லை. 1969இல் மூன்று வேடங்களில் அவர் நடித்த 'தெய்வமகன்' இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டது. அவ்வாண்டு நடிகர் விருது 'புவன் ஷோம்' படத்துக்காக உத்பல் தத்துக்குப் போயிற்று. 1985இல் 'முதல் மரியாதை' வந்தது. விருது 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்துக்காகச் சசி கபூருக்கு. இறுதியில் 1992ஆம் ஆண்டின் 'தேவர் மக'னுக்காக அவருக்கென்று அறிவிக்கப்பட்டது தேர்வுக்குழுவின் சிறப்பு விருது. தாதாசாகேப் பால்கே விருது 1996ஆம் ஆண்டுக்குரியதாக வந்தது. ஆயுள் முழுமைக்குமான கௌரவம் ஒரு குறிப்பிட்ட வேடத்துக்கான அங்கீகாரத்துக்கு ஈடாகுமா என்பது வேறு கேள்வி.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஒரு சொல்லைத்தான்: 'சிறப்பு.' சிறந்தவர் என்று சொல்லத் தயங்கும் இடத்தில் 'சிறப்பு' என்ற சொல் வந்து நிற்கிறது. சிவாஜிக்கு அச்சொல் நேர்ந்ததைக் குறித்து வருந்தும் நாம், அதே சொல் இன்னொருவருக்கு நேர்ந்தபோது எப்படி நடந்துகொண்டோம்? 'கடைசி விவசாயி'யில் மாயாண்டியாக வந்த முதியவர் நல்லாண்டி உண்மையிலேயே உழவர். படம் வெளிவருமுன்னே மறைந்துவிட்டார். அந்தப் படத்தில் விஜய் சேதுபதியும் யோகி பாபுவும் சிறு வேடங்களில் வந்துபோகிறார்கள். கதை முழுவதையும் தோளில் சுமந்து நடப்பவர் நல்லாண்டி. அவருக்குக் கிடைத்தது 'சிறப்புக் குறிப்பு'. நம் பட்டியலில் அவர் பெயரே இல்லை. அன்றைய உரையாடலில் மற்றொரு மாணவி சொன்னது இதற்கு விளக்கம்போல் அமைந்தது: "அவரு எங்க தாத்தா மாதிரியே இருந்தாரு ஐயா, நடிக்கிறாருன்னே தோணல." நடிப்பதாகத் தோன்றாததால் அவர் நடிகர் பட்டியலில் சேரவில்லை! நடிப்புக்குச் சொல்லக்கூடிய ஆகப்பெரிய பாராட்டு, போட்டியிலிருந்து நீக்குவதற்குக் காரணமாகிவிட்ட விந்தை இது.

நல்லாண்டி மட்டுமல்லர். 2011ஆம் ஆண்டின் 'அழகர்சாமியின் குதிரை'யில் அழகர்சாமியாகவே வந்தவர் அப்புக்குட்டி. படத்தின் தலைப்பிலேயே பாத்திரத்தின் பெயர் இருக்கிறது. தேசிய விருது கிடைத்தது, சிறந்த துணை நடிகராக. கதைநாயகன் எவருக்குத் துணை நடித்தார் என்று நாம் கேட்கவேயில்லை, கிடைத்ததே என்று மகிழ்ந்தோம். 'சூப்பர் டீலக்ஸ்' படத்தின் ஷில்பாவுக்காக விஜய் சேதுபதி 2019ஆம் ஆண்டுக்குரிய துணை நடிகர் விருதைப் பெற்றார். 2025 ஆகஸ்ட் 1 அன்று அறிவிக்கப்பட்ட 2023ஆம் ஆண்டு விருதுகளில் 'பார்க்கிங்' படத்துக்காக எம்.எஸ்.பாஸ்கர் துணை நடிகரானார். ஒரு வீட்டு வாசலில் வண்டி நிறுத்தும் இடத்துக்காக இருவர் மோதிக்கொள்ளும் கதையில், மோதும் இருவருள் ஒருவர் நாயகர், மற்றவர் துணைவர்! அவ்வாண்டின் முதன்மை விருதை 'ஜவான்' படத்துக்காக ஷாருக் கானும் '12th ஃபெயில்' என்று தலைப்பில் வகுப்பையே தாங்கிய படத்துக்காக விக்ராந்த் மாஸியும் பகிர்ந்துகொண்டனர்.

பலர் சேர்ந்து சுமக்கும் படங்களில் முதன்மை எது, துணை எது என்று பிரிப்பது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். துணை நடிகர் விருது தாழ்ந்ததுமன்று. 'நம்மவ'ரில் நாகேஷுக்கு அது வந்தபோது விருதுக்கே பெருமை கூடியது. நாம் சொல்லவருவது வேறு. இந்தப் பிரிவினை பாத்திரத்தின் அளவைக்கொண்டு செய்யப்படுவதைவிட நடிகரின் முகத்தையும் சந்தை மதிப்பையும் கொண்டே பெரும்பாலும் செய்யப்படுகிறது. அதைத் தேர்வுக்குழுவுக்கு முன்பே செய்துமுடிப்பவர்கள் நாம்தாம்.

விருதின் வரலாறோ நம்மைவிடத் தாராளமானது. தமிழ்ப் படங்களுக்காக எம்.ஜி.ஆர். (ரிக்‌ஷாக்காரன்), கமல்ஹாசன் (மூன்றாம் பிறை, நாயகன், இந்தியன்), விக்ரம் (பிதாமகன்), பிரகாஷ்ராஜ் (காஞ்சிவரம்), தனுஷ் (ஆடுகளம், அசுரன்), சூர்யா (சூரரைப் போற்று) என அறுவர், 2020 வரையிலான படங்களுக்காக ஒன்பது முறை இவ்விருதை வென்றுள்ளனர். பிரகாஷ்ராஜ் நீங்கலாக ஏனையோர் நாயகர்களாகவே அறியப்பட்டவர்கள். ஆனால் பக்கத்து மொழிகளைப் பாருங்கள். 1986இல் கன்னடத் 'தபரன கதெ'யில் ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாய் அலையும் முதியவராக வந்து விருது பெற்றவர் நம் சாருஹாசன். 1988இல் 'பிறவி'யில் காணாமற்போன மகனுக்காகக் காத்திருக்கும் தந்தையாக நடித்து வென்றவர் முதுபெரும் நடிகர் பிரேம்ஜி. 2010இல் தனுஷோடு விருதைப் பகிர்ந்துகொண்ட சலீம் குமார், மலையாளத்தில் நகைச்சுவை நடிகராகவே அறியப்பட்டிருந்தவர்.

இவ்வரிசையில் நம் மண்ணுக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. 2014ஆம் ஆண்டின் விருது, 'நானு அவனல்ல அவளு' என்ற கன்னடப் படத்துக்காகச் சஞ்சாரி விஜய்க்குக் கிடைத்தது. அப்படத்தின் மூலம் தமிழில் லிவிங் ஸ்மைல் வித்யா எழுதிய 'நான் வித்யா' என்னும் தன்வரலாறு. சித்திரை மாதத்தில் கூவாகம் திருவிழாவை முன்னிட்டு நாடெங்கிலுமிருந்து திருநங்கையர் விழுப்புரத்தில் வந்து கூடுகிறார்கள். விடுதிகளும் பேருந்து நிலையமும் அவர்களால் நிறையும். அத்தகைய ஊரில் இருந்துகொண்டு, நம் மொழியில் எழுதப்பட்ட வாழ்க்கை அண்டை மொழியில் முதன்மை விருது பெற்றதைப் பார்த்தோம். திருநங்கைப் பாத்திரங்களைத் திருநங்கையரே ஏற்கும் நாள் எப்போது என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. நம் துண்டுத்தாள் எதிலும் இதுவரை ஒரு திருநங்கையின் பெயர் எழுதப்பட்டதில்லை.

ஏன் இப்படி? தமிழ் படித்தவர்கள் என்ற முறையில் நமக்கு ஒரு விளக்கம் தோன்றுகிறது. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டென வகுக்கிறது. அவற்றுள் பெருமிதம் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகியவற்றின் வழிப் பிறப்பது. இளிவரல் மூப்பு, நோய், வருத்தம், மென்மை ஆகியவற்றின் வழிப் பிறப்பது. நம் திரைநாயகர்களின் தொழில் பெரும்பாலும் பெருமிதத்தையும் வெகுளியையும் சுற்றியது. வழக்கறிஞர் சந்துருவின் வாதம் பெருமிதம். இராசாக்கண்ணுவின் உடல் இளிவரலும் அச்சமும். மாயாண்டியின் மௌனத்தில் மூப்பு இருக்கிறது. 'நடிப்பு' என்றதும் பெருமிதத்தையே நினைக்கப் பழகிய கண்ணுக்கு, இளிவரலைத் தாங்கி நிற்பவர் துணை நடிகராகத்தான் தெரிவார். 'பிதாமக'னில் விக்ரமும் 'மூன்றாம் பிறை'யின் இறுதியில் கமலும் நாயகத் தோற்றத்தைக் கழற்றி வைத்துவிட்டு இளிவரலுக்குள் இறங்கினார்கள். அதை நாம் 'துணிச்சல்' என்று கொண்டாடினோம். இறங்குவதற்கு உயரமே இல்லாத அப்புக்குட்டிக்கும் நல்லாண்டிக்கும் அந்தப் பாராட்டு எப்படிக் கிடைக்கும்?

செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவெல்லாம் நடக்கும் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னோர் அளவுகோல் தெரிந்திருக்கும். அங்கும் பெரிய வேடம், சிறிய வேடம் என்ற வேறுபாடு உண்டு. துரியோதனன் திரைக்குப் பின்னிருந்து பாடி வெளிவரும்போது எழும் ஆரவாரமும் உண்டு. ஆனால் விடிந்தபின் வீடு திரும்பும் பெண்கள் பேசிக்கொள்வது, துகில் இழுக்கப்பட்டபோது கதறிய திரௌபதி வேடக்காரரைப் பற்றியதாகவும் இருக்கலாம், இரவு முழுக்கத் தூங்கவிடாமல் சிரிக்க வைத்த கட்டியக்காரனைப் பற்றியதாகவும் இருக்கலாம். இன்னார்தான் முதன்மை என்று முன்கூட்டி முடிவுசெய்துகொண்டு எவரும் கூத்துக்களத்தில் வந்து உட்கார்வதில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றதும் அரங்கில் ஆடிக் காட்டிய பிறகுதான். ஆட்டம் முதலில், பட்டம் பின்னர்.

இந்த அளவுகோலோடு, 2024ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தோம். வழக்கமான கைக்கு முதலில் வரும் பெயர்கள் 'தங்கலான்' விக்ரம், 'மகாராஜா' விஜய் சேதுபதி, 'அமரன்' சிவகார்த்திகேயன். மூன்றுமே மதிக்கத்தக்க உழைப்பு. மலையாளத்திலிருந்து 'பிரமயுகம்' மம்மூட்டியைத் தவிர்க்கவே முடியாது. கேரள அரசின் விருதும் அவருக்கு வந்தது. ஆனால் நம் தாளில் முதற்பெயர் 'கொட்டுக்காளி' சூரி. பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய அப்படத்தில், கட்டிப்போன தொண்டையோடு, பேசுவதே வலியாய் இருக்கும் ஓர் ஆணின் ஆங்காரத்தையும் உள்ளூர நடுங்கும் தோல்வியையும் அவர் ஒரே உடலில் வைத்திருந்தார். நகைச்சுவை நடிகராக நாம் சிரித்து மறந்த முகம் அது. இரண்டாவது 'லப்பர் பந்து' தினேஷ். வயதாகிறது என்பதை ஒப்புக்கொள்ளாத ஊர்க் கிரிக்கெட்காரரின் வீம்பு அவர் தோள்களில் இருந்தது. மூன்றாவது 'கிஷ்கிந்தா காண்டம்' விஜயராகவன். நினைவு நழுவுவதைப் பிறர் அறியாமல் மறைக்க முயலும் முதியவரின் அச்சம், தொல்காப்பியர் சொன்ன மூப்பும் நோயும் அன்றி வேறென்ன?

பரிசு எவருக்குப் போனாலும் இப்பட்டியலை நாம் மாற்றிக்கொள்வதாக இல்லை. பந்தயத்தில் தோற்று எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தரவும் தயார். இத்தனை ஆண்டுகளாக நாம் கணித்தது சிறந்த நடிகரை அன்று, யாரை நாயகராக ஏற்கலாம் என்பதையே. தேர்வுக்குழுவில் நமக்கு இடமில்லை. ஆனால் வகுப்பறையிலும் ரயில் பெட்டியிலும் சிற்றிதழ்ப் பக்கங்களிலும் எந்தப் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. ஒரு பெயர் முதலில் அங்கே உலவினால்தான் பிறகு எங்கேனும் எட்டும்.

அந்த மாணவர் இப்போது படிப்பை முடித்துவிட்டுத் திண்டிவனத்துக்கு அருகில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். சென்ற முறை பேருந்து நிலையத்தில் பார்த்தபோது புதிய பட்டியலைக் காட்டினோம். பொறுமையாகப் படித்துவிட்டு, "இந்தத் தடவை பரவால்ல ஐயா" என்றார். பிறகு சற்று யோசித்து, "பொம்பளைங்க பட்டியல் எப்ப எழுதுவீங்க?" என்று கேட்டார். மணிகண்டனை விட்ட அதே தாளில், செங்கேணியாக நடித்த லிஜோமோல் ஜோஸுக்கு இடமே இல்லாதிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.